வீட்டு சர்வரில் நெட் விட்டு விட்டுப் போகிறதா? காரணத்தைப் படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

நெட் ஒரேயடியாகப் போய்விட்டால் காரணத்தைப் பிடிப்பது சுலபம். நாம் போய்ப் பார்க்கும்போதும் அது இல்லாமல்தான் இருக்கும். இரண்டு நிமிடம் போய், தானாகத் திரும்பி வந்து, நாலு மணி நேரம் கழித்து மறுபடி போகிற கனெக்‌ஷன்தான் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். லைன்மேன் வந்து நிற்கும்போது எல்லா விளக்கும் பச்சையாக எரியும்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உறவினர், நண்பர்கள் வீடுகளில் பழைய லேப்டாப்பையோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியையோ சர்வராக்கிக் கொடுத்து வருகிறேன். குடும்பப் போட்டோக்கள், ஜெல்லிஃபின் என்ற வீடியோ மென்பொருளில் படங்கள், கேமராப் பதிவுகள் எல்லாம் அதில்தான். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவது அறிவுக் குறைவால் அல்ல, வரிசை தவறுவதால். கேபிளை மாற்றி, டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக்கித் தரும் சேவை) மாற்றி, ரூட்டரை ரீசெட் செய்து, எல்லாவற்றையும் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிடுவார்கள். மூன்று நாள் கழித்து நெட் மறுபடி போகும்போது கையில் ஒரு தடயமும் இருக்காது.

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் ஓடும் சர்வரை மனதில் வைத்து எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. ரீஸ்டார்ட் செய்யக் கை போகும் முன்

நெட் போனதும் எல்லோரும் ரூட்டரை அணைத்துப் போடுவார்கள். பெரும்பாலும் நெட் வந்தும் விடும். ஆனால் அந்த ஒரு செயலில் ரூட்டரின் உள்பதிவு (லாக்) பல மாடல்களில் அழிந்துவிடும். எத்தனை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது என்ற கணக்கு பூஜ்யமாகிவிடும், ஃபைபர் புதிதாக இணையும், சர்வரும் புதிதாக முகவரி கேட்கும். இவற்றில் எது நெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அதனால் அடுத்த முறை போகும்போது முதலில் மணியை நோட்டில் குறியுங்கள். ஃபைபர் பெட்டியின் விளக்குகளைப் போனில் படம் எடுங்கள். அப்புறம் வேறொரு போனில் வைஃபை வழியாக நெட் வருகிறதா என்று பாருங்கள். இதில் ஒரு எச்சரிக்கை: மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வைஃபையில் நெட் இல்லையென்றால் போன் சத்தமில்லாமல் சிம் டேட்டாவுக்குத் தாவிவிடும். "போன்ல நல்லா வருதே, சர்வர்தான் கெட்டுப்போச்சு" என்று தப்பான பக்கம் தேடத் தொடங்குவது இப்படித்தான்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். பல பெட்டிகளில் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். நன்றாக இருப்பது உறுதியாகத் தெரிந்த ரெடிமேட் கேட் 6 கேபிள் ஒன்று, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. நெட் இல்லாத நேரத்திலும் சர்வருக்குள் போக ஒரு மானிட்டரும் கீபோர்டும். இவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். நெட் போயிருப்பது இரண்டே நிமிடம் என்றால், பாஸ்வேர்டு தேடுவதற்குள் அது திரும்பி வந்துவிடும்.

2. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

இதைச் சின்ன விஷயம் என்று தாண்டிவிடாதீர்கள். இனி செய்யப்போவது முழுக்க நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. சர்வரின் நேர மண்டலம் கொல்கத்தா, அதாவது இந்திய நேரம், என்று இருக்கட்டும்.

ராஸ்பெரி பை 4 வரையான மாடல்களில் தனிக் கடிகாரச் சில்லு கிடையாது. கரண்ட் போய் வந்ததும் நெட் கிடைக்கும்வரை அது பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பொழுதில் பதிவான வரிகளின் நேரத்தை நம்பக் கூடாது. அதேபோல ரூட்டரின் பதிவு சில வீடுகளில் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. 5:30 கூட்டிப் படியுங்கள்.

கூடவே, சர்வரின் கணினிப் பதிவு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் அழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவல்களில் அது நினைவகத்தில் மட்டும் இருக்கும், அணைத்தால் போய்விடும். பதிவை எழுதும் ஜர்னல்டி என்ற நிரலின் அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜ் என்ற வரியை பெர்சிஸ்டென்ட் என்று மாற்றினால் போதும்.

3. மூன்று இடங்களுக்கு ஓயாமல் பிங்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது.

உங்கள் சர்வருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே மூன்று துண்டு இருக்கிறது. சர்வரிலிருந்து ரூட்டர் வரை ஒன்று. ரூட்டரிலிருந்து நெட் கம்பெனியின் முதல் கருவி வரை இன்னொன்று. அங்கிருந்து வெளி உலகம் வரை மூன்றாவது. எந்தத் துண்டு அறுபடுகிறது என்று தெரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

ரூட்டரின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. வெளி உலகத்துக்கு 1.1.1.1 அல்லது 8.8.8.8. நடுவில் இருக்கும் கம்பெனிக் கருவியின் முகவரிக்கு ட்ரேஸ்ரூட் (வழியில் உள்ள கருவிகளை வரிசையாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். முதல் வரி உங்கள் ரூட்டர், இரண்டாவது வரி கம்பெனியின் கருவி. அது பிங்குக்குப் பதில் சொல்லாத ரகம் என்றால் மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றுக்கும் ஐந்து நொடிக்கு ஒரு முறை பிங் அனுப்பி, நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும் பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்து, சிஸ்டம்டி சேவையாக (பின்னணியில் தானாக ஓடும் நிரலாக) ஓட விடுங்கள். டெர்மினல் சன்னலில் ஓட விட்டால் சன்னலை மூடும்போது அதுவும் நின்றுவிடும். மூன்று பிங்கையும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால், பதில் வராதபோது காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போய் வரிகளின் நேரம் தள்ளிப்போகும். பதிலுக்குக் காத்திருக்கும் அளவு இரண்டு நொடி போதும்.

முகவரியை எண்ணாகவே கொடுங்கள், தளத்தின் பெயராகக் கொடுக்காதீர்கள். பெயராகக் கொடுத்தால் டிஎன்எஸ் கோளாறும் கம்பிக் கோளாறும் ஒரே மாதிரி தெரியும்.

ஒரு நாளைக்கு 17,280 வரி சேரும். பழையதைத் தானாகக் கழித்துவிட லாக்ரொட்டேட்டில் ஒரு வார எல்லை வையுங்கள். பிறகு குறைந்தது மூன்று நாள் எதையும் தொடாமல் விடுங்கள். இந்த மூன்று நாள் பொறுமைதான் புதியவர்களுக்குக் கஷ்டம். ஆனால் இங்கே மிச்சம் பிடிக்கிற நேரத்தைப் பிறகு வாரக்கணக்கில் செலவழிக்க வேண்டி வரும்.

4. பதிவைப் படிப்பது

ஒரு பிங் தவறினால் கண்டுகொள்ளாதீர்கள். தொடர்ந்து மூன்று தவறினால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

ரூட்டரே பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. கம்பெனிக்குப் போன் போடாதீர்கள். ரூட்டர் பதில் சொல்லி, கம்பெனிக் கருவி சொல்லவில்லை என்றால் ஃபைபர் பக்கம். இரண்டும் பதில் சொல்லி, வெளி உலகம் மட்டும் இல்லையென்றால் கம்பெனிக்கு மேலே ஏதோ கோளாறு. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. மூன்றும் பதில் சொல்லும்போதே நெட் இல்லாதது போல் தெரிந்தால் பத்தாம் படிக்குப் போங்கள்.

வில்லாபுரத்தில் சித்தப்பா வீட்டு சர்வரில் கிடைத்த வரிகள் இவை. எண்கள் மில்லிநொடி.

06:14:35 ரூட்டர் 0.4, கம்பெனி 3.1, வெளி 14
06:14:40 ரூட்டர் இல்லை, கம்பெனி இல்லை, வெளி இல்லை
(இப்படியே 16 வரி)
06:16:05 ரூட்டர் 0.5, கம்பெனி இல்லை, வெளி இல்லை
06:16:20 ரூட்டர் 0.4, கம்பெனி 3.0, வெளி 14

முதலில் மூன்றும் ஒன்றாகப் போகின்றன. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்து ரூட்டர் மட்டும் வருகிறது. அப்புறம் பதினைந்து நொடியில் மற்றவையும் வந்துவிடுகின்றன. ரூட்டர் அணைந்து, எழுந்து, ஃபைபரில் சேர்ந்துகொள்ளும் வரிசை அப்படியே இதில் இருக்கிறது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தேன். காலை ஆறேகாலிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் அதே ஆறேகாலை ஒட்டித்தான் போயிருந்தது.

"சித்தப்பா, காலையில ஆறேகாலுக்கு வீட்ல என்ன நடக்கும்?"

"என்னடா நடக்கும், உங்க சித்தி மோட்டார் போடுவா."

இடைவெளியின் நீளத்தையும் கவனியுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் என்றால் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம். ஐந்து, பத்து நொடிக்குள் திரும்பிவிட்டால் கேபிளையோ நெட்வொர்க் போர்ட்டையோ சந்தேகியுங்கள். சர்வரின் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில் அதே நேரத்தில் லிங்க் டவுன், லிங்க் அப் என்ற வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால் கம்பி வழியில் தொடர்பே அறுந்திருக்கிறது. லிங்க் அறாமலே ரூட்டரின் பதில் மட்டும் நின்றிருந்தால் எட்டாம் படியில் இருக்கும் முகவரி மோதலை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. கரண்ட்டும் அடாப்டரும்

ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் ரூட்டரைக் குறை சொல்வதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள். மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வோல்டேஜ் ஒரு கணம் சரிந்து எழும். நல்ல அடாப்டர் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் தேங்கியிருப்பதை வைத்து அந்தக் கணத்தைச் சமாளித்துவிடும். நாலைந்து வருடம் இரவு பகலாக ஓடி, வெயிலிலும் வெந்த அடாப்டரில் அந்தக் கெப்பாசிட்டர் வற்றிப்போயிருக்கும். விளக்கு ஒரு முறை இமைப்பதற்குள் ரூட்டர் அணைந்துவிடும்.

மல்டிமீட்டரில் அடாப்டர் முனையை அளந்துவிட்டு "12 வோல்ட் சரியா வருதே" என்று விட்டுவிடாதீர்கள். சுமை இல்லாதபோது கெட்ட அடாப்டரும் 12 காட்டும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் அளவு, அதே துருவம் உள்ள இன்னொரு அடாப்டரை மாட்டிப் பார்ப்பதுதான் உறுதியான சோதனை. வோல்ட் மாறக் கூடாது. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தவறில்லை, குறைவாக இருக்கக் கூடாது. டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் வாங்கப் போனால் பழைய அடாப்டரையே கையில் எடுத்துப் போங்கள். பின் அளவை நினைவில் வைத்து வாங்கி, பொருந்தாமல் திரும்பப் போனவர்கள் நிறையப் பேர். சித்தப்பா வீட்டில் அடாப்டரை மாற்றியதோடு ஆறேகால் மணி வெட்டு நின்றுவிட்டது.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் இன்னொரு விஷயம். கரண்ட் போகும்போது இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ள ஒரு சின்ன இடைவெளி ஆகும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, ரூட்டருக்குத் தெரியும். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் இடைவெளி குறையும். அதிலும் தீரவில்லை என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கொடுங்கள். இரண்டும் தனித்தனிப் பெட்டி என்றால் இரண்டுக்கும் வேண்டும். ரூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, கரண்ட் போனதும் வைஃபை இருக்கிறது, நெட் இல்லையே என்று குழம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

6. கேபிள்

ஈத்டூல் கட்டளையில் இணைப்பின் வேகத்தைப் பாருங்கள். ரூட்டரும் சர்வரும் கிகாபிட் ரகமாக இருந்தும் 100 என்று காட்டினால் கேபிள் பாதி செத்திருக்கிறது. 1000 வேகத்துக்கு நாலு ஜோடி கம்பியும் வேண்டும், 100 வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி அறுந்தோ பின்னில் சரியாக உட்காராமலோ இருந்தால் இணைப்பு சில சமயம் 1000 என்று எழும், தாங்காமல் விழும், மறுபடி 100 என்று எழும். பதிவில் தெரியும் ஐந்து, பத்து நொடி வெட்டு இதுதான்.

அதே கட்டளையில் பிழைக் கணக்கையும் பார்க்கலாம். சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த தரவின் கணக்கு) என்ற எண் ஒரு மணி நேரத்தில் ஏறிக்கொண்டே போனால் கேபிளை மாற்றுங்கள். அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

சுவருக்குள் போன கேபிளை உடனே உருவ வேண்டாம். எடுத்து வைத்த ரெடிமேட் கேபிளை ரூட்டரிலிருந்து சர்வருக்குத் தரைமேலேயே போட்டு இரண்டு நாள் ஓட விடுங்கள். வெட்டு நின்றால் பழையதுதான் காரணம். அதன் பின்னை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்து பாருங்கள். நிற வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை என்பதற்காக வேறு ஏதாவது ஒழுங்கில் அடித்துவிடக் கூடாது. முறுக்கிய ஜோடிகள் பிரிந்துபோனால் குட்டைக் கேபிளில் வேலை செய்வது போலத் தெரிந்து, நீளக் கேபிளில் பிழையாகக் கொட்டும்.

விலை குறைவு என்று கடையில் கொடுக்கும் கேபிள் பல சமயம் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. வெட்டுமுனையை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். வளைத்த இடத்தில் ஒடிந்துபோகும். சர்வருக்கு முழுச் செம்பு வாங்குங்கள். மொட்டை மாடி வழியாகவோ ஓட்டுச் சந்திலோ போகும் கேபிளை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். ஒத்தக்கடையில் ஒரு வீட்டில் அணில் கடித்த இடம் கண்ணுக்குத் தெரியவே இல்லை, விரலுக்குத்தான் தட்டுப்பட்டது.

7. சர்வரே தூங்குகிறதா?

லேப்டாப்பை சர்வராக்கியவர்கள் மூடியைச் சாத்தினால் அது தூங்கப் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். லாகின்டி அமைப்பில் மூடி தொடர்பான வரியை இக்னோர் என்று மாற்றுங்கள். டெஸ்க்டாப் பதிப்பு நிறுவியிருந்தால் மூடி திறந்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் தூங்கக்கூடும். சஸ்பெண்ட், ஹைபர்னேட் இரண்டையும் சிஸ்டம்டியில் மாஸ்க் செய்து முழுக்கத் தடுத்துவிடுவது நிம்மதி. பிங் பதிவில் இதற்குத் தனி அடையாளம் உண்டு. "இல்லை" என்ற வரிகூட இருக்காது, அந்த நேரத்துக்கான வரிகளே காணாமல் போயிருக்கும்.

மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வசதிகள் நெட்வொர்க் கார்டையும் தூங்க வைக்கும். லிங்க் அடிக்கடி அறுந்து, கேபிளும் சரி என்றால், ஈத்டூலில் இஇஇ என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்துப் பாருங்கள். யுஎஸ்பி வழி லேன் அடாப்டர் என்றால் யுஎஸ்பி ஆட்டோ சஸ்பெண்டை அணையுங்கள்.

ராஸ்பெரி பையில் முதல் சந்தேகம் கரண்ட்டின் மேல்தான். பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். போன் சார்ஜரில் ஓட்டினால் ஹார்டு டிஸ்க் சுழலும்போது வோல்டேஜ் விழும். கர்னல் பதிவில் அண்டர் வோல்டேஜ் என்ற வரி வரும். அப்புறம் சூடு. 80 டிகிரியை நெருங்கினால் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்கு நேர் கீழே பரணில் வைத்த சர்வரும் ரூட்டரும் மத்தியானம் இரண்டிலிருந்து நாலுக்குள் மட்டும் தடுமாறினால் வேறு காரணம் தேட வேண்டாம். கீழே இறக்கி வையுங்கள்.

8. ஒரே முகவரிக்கு இரண்டு பேர்

சர்வருக்கு 192.168.1.105 என்று கையால் முகவரி கொடுத்திருப்பீர்கள். ரூட்டரோ 100 முதல் 200 வரை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கும். ஊரிலிருந்து விருந்தாளி வந்து வைஃபையில் சேர்ந்ததும் அவர் போனுக்கு அதே 105 போய்விடலாம். அவர் வீட்டில் இருக்கும்வரை சர்வர் வரும், போகும்.

சோதனை எளிது. சர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டு வேறு கணினியிலிருந்து சர்வரின் முகவரிக்குப் பிங் போடுங்கள். பதில் வந்தால் அந்த முகவரியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சர்வரில் கையால் கொடுத்த முகவரியை எடுத்துவிட்டு, ரூட்டரின் டிஎச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் வசதி) பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷனில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) நிரந்தரமாக ஒன்றை ஒதுக்குங்கள். கணக்கு ஒரே இடத்தில் இருந்தால் மோதலுக்கு வாய்ப்பில்லை.

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று போட்ட இரண்டாவது ரூட்டர். அதிலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்தால், சர்வர் முகவரி கேட்கும்போது யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் சொல்வதுதான் நடக்கும். ஒரு நாள் சரியான வழி கிடைக்கும், இன்னொரு நாள் மாடி ரூட்டரோடு நின்றுவிடும். இரண்டாவது ரூட்டரில் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் மாட்டுங்கள்.

வெட்டு கடிகாரம் போல ஒரே இடைவெளியில் வருகிறதென்றால் டிஎச்சிபியின் கால அளவைப் பாருங்கள். ஒதுக்கிய காலத்தில் பாதி முடிந்ததும் சர்வர் புதுப்பிக்கக் கேட்கும். 24 மணி நேரம் என்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. புதுப்பிப்பு தோற்றால் காலம் முடியும்போது முகவரி பறிபோகும்.

9. சர்வர் வைஃபையில் இருந்தால்

முடிந்தால் கேபிளுக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் வைஃபையின் பவர் சேவ் (மின்சேமிப்பு) வசதியை அணையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியானதை எடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் தேர்வை ஆட்டோவில் விடாதீர்கள். 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார் போன்ற அலை தென்பட்டால் பல ரூட்டர்கள் உடனே அந்தச் சேனலைக் காலி செய்துவிடும். அந்த நேரத்தில் எல்லாம் அறுந்து திரும்பச் சேரும். 36 முதல் 48 வரை, அல்லது 149-க்கு மேல் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

10. பிங் சரி, ஆனால் எதுவும் திறக்கவில்லை

முதலில் டிஎன்எஸ். எண்ணுக்குப் பிங் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் அதுதான். ரூட்டரில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் கொடுங்கள். பை ஹோல் (விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் மென்பொருள்) வைத்திருக்கிறவர்கள் கவனிக்க: சர்வரே வீட்டு டிஎன்எஸ்ஸாக இருந்தால், சர்வர் தடுமாறும்போது வீடு முழுக்க நெட் போனது போலத் தெரியும்.

அடுத்தது அப்லோடு நெரிசல். இரவு பத்து மணிக்கு வெளி பேக்கப் ஓடத் தொடங்கியதும் வெளிப் பிங் 14-லிருந்து 600, 800 என்று ஏறும். நெட் அறுந்திருக்காது, வரிசையில் நிற்கும். பேக்கப் மென்பொருளிலேயே அப்லோடு வேகத்துக்கு வரம்பு வையுங்கள். உங்கள் அப்லோடு வேகத்தில் 80 சதவீதம் நல்ல தொடக்கம். அதற்காக விலை கூடிய பிளானுக்கு மாறுவது வீண்.

11. ஃபைபர் பக்கமும் புகாரும்

ரூட்டர் நன்றாக இருக்கும்போதே கம்பெனிப் பிங் போகிறதென்றால், பெட்டியின் எல்ஓஎஸ் விளக்கு அந்த நேரத்தில் சிவப்பாகிறதா என்று பாருங்கள். சிவப்பானால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

பல பெட்டிகளின் அட்மின் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும். அது மைனஸ் 15-க்கும் 25-க்கும் இடையில் இருந்தால் நல்லது. மைனஸ் 27, 28 என்பது பெட்டியால் படிக்க முடிகிற விளிம்பு. வெயிலில் ஜாயிண்ட் கொஞ்சம் நகர்ந்தாலும், மழையில் பெட்டிக்குள் ஈரம் இறங்கினாலும் விளிம்பைத் தாண்டிவிடும். மூன்று எண் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. தினமும் காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் இந்த எண்ணைக் குறியுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் வீட்டுக்குள் ஒரு முறை பாருங்கள். பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா, ஆணியில் சுருட்டி மாட்டியிருக்கிறதா, கதவிடுக்கில் போகிறதா என்று தேடுங்கள். ஃபைபரைச் சின்ன வளையமாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். பச்சை நிற முனையை நீல நிற முனையோடு சேர்க்கக் கூடாது. முகங்களின் சாய்வு வேறு. கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

புகார் சொல்லும்போது "அடிக்கடி போகுதுங்க" என்றால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். போன தேதிகள், மணிகள், அப்போது ரூட்டர் பதில் சொன்னது, ஆப்டிகல் எண், சிவப்பு விளக்கின் படம் எல்லாவற்றையும் ஒரே செய்தியாக அனுப்புங்கள். எம்டிஆர் (வழியில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் எத்தனை பிங் தொலைகிறது என்று காட்டும் கருவி) அறிக்கையையும் சேர்த்து அனுப்புவோர், நடு வரியில் தெரியும் இழப்பை வட்டம் போட்டு அனுப்புகிறார்கள். கடைசி வரியில் இழப்பு இல்லையென்றால் நடு வரி இழப்புக்கு அர்த்தமில்லை. அந்தக் கருவி பிங்குக்குப் பதில் சொல்வதைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

விளாங்குடியில் நண்பர் வீட்டுக்கு வந்த லைன்மேனிடம் இந்தத் தாளைக் காட்டினோம்.

"அண்ணே, மத்தியானம் மட்டும் மைனஸ் இருபத்தேழு காட்டுது, ராத்திரி இருபத்து மூணுக்கு வந்துருது."

அவர் வீட்டுக்குள் வரவே இல்லை. "அப்ப போஸ்ட்ல இருக்க ஜாயிண்ட்டுதான் தம்பி" என்று ஏணியை எடுத்துப் போனார். புதிதாக ஸ்ப்ளைஸ் அடித்துவிட்டு மீட்டரைக் காட்டினார், மைனஸ் 20.

12. வெளியிலிருந்து மட்டும் சர்வர் கிடைக்கவில்லை

வீட்டில் எல்லாம் சரி, ஆபீசிலிருந்து சர்வரைத் திறக்க முடியவில்லை என்றால் அது வெட்டு அல்ல. உங்கள் பொது முகவரி மாறியிருக்கும். டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் சேவை) புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். ரூட்டர் காட்டும் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் கம்பெனி பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. போர்ட் திறந்தும் பயனில்லை. நிலையான முகவரி கேட்டு வாங்குங்கள், அல்லது வெளியிலுள்ள ஒரு சின்ன சர்வருக்கு வீட்டிலிருந்து வயர்கார்டு (விபிஎன்) சுரங்கம் போடுங்கள். வயர்கார்டில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 என்று வைக்க மறக்காதீர்கள். பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்பை நடுவில் இருக்கும் கருவிகள் மறந்துவிடும். அதுவும் பார்க்க வெட்டு போலவே இருக்கும்.

13. ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பிறகு காத்திருங்கள்

எதை மாற்றினாலும் தேதி, மணியோடு நோட்டில் எழுதுங்கள். முன்பு நாளுக்கு இரண்டு முறை போனது என்றால் மூன்று நாள் போகாமல் இருந்தால் நம்பலாம். வாரத்துக்கு ஒரு முறை போனது என்றால் மூன்று வாரமாவது காத்திருங்கள். வெட்டு குறைந்து, ஆனால் நிற்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டு. மாற்றியதைத் திரும்பப் பழையபடி வைக்காமல், நாலாம் படிக்குப் போய் மிச்சமிருக்கும் வெட்டுகளை மட்டும் தனியாகப் படியுங்கள்.

பிங் ஸ்கிரிப்ட்டை நிறுத்த வேண்டாம். ஐந்து நொடிக்கு மூன்று பிங் சர்வருக்கு ஒரு சுமையே இல்லை. ஐப்பசி மழை தொடங்கும்போது அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.